ஹெட்போன் வாங்குமுன்: அதிர்வெண் துலங்கல் பற்றி ஓர் அறிமுகம்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் நூறு ரூபாய்க்கும் இயர்போன் கிடைக்கிறது. இரண்டாயிரம் ரூபாய்க்கும் ஹெட்போன் கிடைக்கிறது. காதுக்குள் செருகுவது, காதின்மேல் கவிந்திருப்பது, கழுத்தில் மாலைபோல் தொங்குவது, கம்பியே இல்லாதது என வடிவங்கள் பல. ஆயினும் எந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலும் அதன் முதுகில் ஒரு வரி பெரும்பாலும் மாறுவதில்லை: அதிர்வெண் துலங்கல், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. நூறு ரூபாய்ப் பொருளும் இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளும் ஒரே தகுதி வாய்ந்தவை என்று அந்த வரி கூறுகிறது. காதில் மாட்டிப் பார்த்தாலோ இரண்டும் இரண்டு விதமாகப் பாடுகின்றன. இம்முரண்பாடு எங்கிருந்து வருகிறது, குறைந்த விலையில் ஒன்றை வாங்க விரும்பும் மாணவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில், 20 முதல் 20,000 வரை என்பது ஹெட்போனின் பெருமை அன்று; மனிதக் காதின் எல்லை. அதுவும் இளமையில், நல்ல செவியுடையார்க்கு உள்ள எல்லை. வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கி வரும். எங்கள் ஊராகிய வடக்கனந்தலில், கோமுகி அணைப் பக்கம் மாலை வேளையில் சில்வண்டுகள் காதைத் துளைக்கும். என் பாட்டியோ, "இப்பல்லாம் சில்வண்டே கத்தறதில்லடா" என்கிறார். சில்வண்டு கத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதன் ஒலி பல ஆயிரம் ஹெர்ட்ஸில் அமைந்திருப்பதால் அவர் செவிக்கு எட்டவில்லை. பெட்டியில் அச்சிடுவோர் பாடநூலில் உள்ள காதின் எல்லையை எடுத்து அப்படியே போட்டுவிடுகிறார்கள். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. 20 ஹெர்ட்ஸிலும் அந்தச் சவ்வு ஏதோ கொஞ்சம் அசையத்தான் செய்யும். எவ்வளவு அசைகிறது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியை நம் ஆய்வகத்தில் நாம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். ஆர்.சி. இணைப்புப் பெருக்கிச் சோதனையை நினைவுகூருங்கள். அலையியற்றியின் அதிர்வெண்ணைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் வெளியீட்டு மின்னழுத்தத்தைக் குறித்துப் பெருக்கத்தை டெசிபலில் கணக்கிட்டு, அரைமடக்கை வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறோம். நடுவில் சமமாகச் சென்று இரு ஓரங்களிலும் சரியும் அக்கோட்டில், உச்சியிலிருந்து 3 டெசிபல் கீழே ஒரு கிடைக்கோடு வரைந்து, அது வெட்டும் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்டதைத்தான் பட்டை அகலம் என்று எழுதுகிறோம். 3 டெசிபல் குறைவு என்பது திறன் பாதியாகக் குறைவதாகும். கோடே வரையாமல், "பட்டை அகலம் 20 முதல் 20,000" என்று மட்டும் எழுதிப் பதிவேட்டை நீட்டினால் பேராசிரியர் கையொப்பம் இடுவாரா? ஹெட்போன் பெட்டியில் இருப்பது அத்தகைய பதிவேடுதான். இரு முனைகளின் எண்கள் உள்ளன. எத்தனை டெசிபல் ஏற்றத்தாழ்வுக்குள் என்ற செய்தி இல்லை. இடையில் உள்ள கோடு இல்லை. 100 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் மேடாகவும் 2000 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் பள்ளமாகவும் உள்ள ஒன்றும் அதே வரியை அச்சிட்டுக்கொள்ளலாம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள 20 டெசிபல் வேறுபாடு திறனில் நூறு மடங்கு ஆகும்.

எனவே அதிர்வெண் துலங்கல் என்றால் இரண்டு எண்கள் அல்ல, ஒரு வளைகோடு. ஒரே அளவு மின்சைகையை எல்லா அதிர்வெண்களிலும் கொடுத்தால், எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உரக்கத் திருப்பித் தருகிறது என்பதன் படம்.

காது என்னும் ஒத்ததிர்வுக் குழாய்

அப்படியானால் கோடு நேராக இருக்கும் ஹெட்போனே சிறந்தது என்று முடிவு கட்டத் தோன்றும். பெருக்கிக்கு அது சரி. ஹெட்போனுக்குப் பொருந்தாது. காரணம் நம் காதிலேயே இருக்கிறது.

ஒத்ததிர்வுத் தம்பச் சோதனையில் இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயருகே பிடித்து, நீர்மட்டத்தை இறக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் ஒலி திடீரென்று பெருகும். ஒரு முனை மூடிய குழாயின் நீளம் அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்காக அமையும் இடம் அது. நம் செவிக்குழலும் அத்தகைய குழாயே. ஒரு முனை திறந்தது. மறு முனையைச் செவிப்பறை மூடியிருக்கிறது. நீளம் ஏறத்தாழ 2.5 செ.மீ., விட்டம் ஏறத்தாழ 0.7 செ.மீ. நாம் வழக்கமாகச் சேர்க்கும் முனைத்திருத்தம் விட்டத்தில் 0.3 பங்கு. ஆக 2.7 செ.மீ. நொடிக்கு 340 மீட்டர் திசைவேகத்தை அதன் நான்கு மடங்கால் வகுத்தால் 3100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் வருகிறது. வெளிச்செவியும் தலையும் சேர்ந்து துணைபுரிய, 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் வெளியில் இருப்பதைக் காட்டிலும் 10 முதல் 20 டெசிபல் வரை கூடுதலாகச் செவிப்பறையை அடைகின்றன. பிறந்த நாள் முதல் நாம் கேட்டுவரும் உலகம் இந்த மேட்டோடு கூடிய உலகம். தாயின் குரலும் இம்மேட்டின் வழியாகவே வந்தது.

இயர்போனைச் செருகியவுடன் குழாயின் திறந்த முனை அடைபடுகிறது. ஒத்ததிர்வு இடம் மாறிவிடுகிறது. வெளிச்செவிக்கு வேலையே இல்லை. இழந்த அந்த மேட்டை இயர்போனே உண்டாக்கித் தர வேண்டும். செவிப்பறையில் அளந்தால் நேர்கோடாக இருக்கும் இயர்போன், போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கிக் கேட்கும். நல்ல வளைகோடு 3000 ஹெர்ட்ஸ் அருகில் உயர்ந்திருக்க வேண்டும். எவ்வளவு உயர வேண்டும் என்பதை ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ், டாட் வெல்ட்டி முதலிய ஆய்வாளர்கள் 2012 முதல் பலரைக் கேட்கச் செய்து ஆராய்ந்தனர். நல்ல அறையில் வைத்த நல்ல ஒலிபெருக்கியைக் கேட்பதுபோல் செவிப்பறையில் ஒலி அமைவதையே பெரும்பாலோர் விரும்பினர் என்பது அவர்கள் கண்டது. தாழ்ந்த அதிர்வெண்களில் மிதமான ஏற்றம், நடுவில் சமம், 3000 அருகில் மேடு, அதன்பின் மெல்ல இறக்கம் என்பது அக்கோட்டின் உருவம்.

தமிழ் ஒலிகள் எங்கே இருக்கின்றன?

கடைக்காரர்கள் நம்மிடம் சொல்லும் முதல் சொல் "பேஸ்" என்பதாகும். "நல்ல பேஸு தம்பி, காதுல போட்டா நெஞ்சுல இடிக்கும்." இடிக்கத்தான் இடிக்கிறது. திரைப்பாடலின் முதல் அரை நிமிடத்தில் அது இனிமையாகவும் தோன்றும். நமக்கு ஹெட்போன் எதற்கு என்பதை எண்ணிப் பார்த்த பிறகே அந்த இடியை விலை கொடுத்து வாங்கலாமா என்று சொல்ல முடியும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பாடத்தில் புரியாத இடத்தை வீட்டில் கேட்க ஆள் இல்லை. வகுப்பில் ஒரு முறை கேட்டதை, ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் இன்னொரு முறை கேட்டுத்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் பாடம் முடிந்தபின் அதே இயர்போனைத் தங்கை எடுத்துக்கொள்வாள். அவள் பிளஸ் டூ. நம் கல்லூரியில் பலருக்கும் நிலைமை இதுதான் என்பதை அறிவேன். நமக்கு இயர்போன் பாட்டுப் பெட்டியாக இருப்பதைவிட இரண்டாவது ஆசிரியராக இருக்கும் நேரமே மிகுதி. ஆகவே பேச்சொலி எந்த அதிர்வெண்களில் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை. பெண் குரல் ஏறக்குறைய 200. ஆனால் சொல்லின் அடையாளம் அடிப்படையில் இல்லை. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது. அடிப்படை முழுவதும் வெட்டுண்டு போயும் அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகவே கேட்டது. 200, 300, 400 என்று வரும் மேற்சுரங்களின் இடைவெளியைக் கொண்டே மூளை 100 என்று கண்டுகொள்கிறது. சின்னஞ்சிறு கைபேசி ஒலிபெருக்கியில் பேஸ் கிட்டாரின் நடை ஒருவாறு புலப்படுவதற்கும் இதுவே காரணம். அதன் தடித்த தந்தியின் 41 ஹெர்ட்ஸை அந்தச் சிறு சவ்வால் தர இயலாது.

உயிரெழுத்துகளை வேறுபடுத்துவது வாயறையின் ஒத்ததிர்வுகள். 'இ' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'உ' என்று சொல்லுங்கள். இரண்டிலும் முதல் ஒத்ததிர்வு 300 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கும். இரண்டாவது ஒத்ததிர்வு 'உ'வில் 1000க்குக் கீழே. 'இ'யில் 2000க்கு மேலே. 2000 அருகில் பள்ளம் விழுந்த இயர்போனில் 'இ' தன் முகத்தை இழக்கத் தொடங்கும். ல, ள, ழ விஷயம் இன்னும் நுட்பமானது. தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்து ஒலிகளையும் நாவின் வடிவத்தோடு சேர்த்து ஆராய்ந்து ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகேல் கான் ஆகியோர் 1999இல் அமெரிக்க ஒலியியல் கழக இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். நாவை மடிப்பதனால் மூன்றாவது ஒத்ததிர்வு கீழே இறங்குவது இவ்வகை ஒலிகளின் குறி. இந்த வேறுபாடுகளெல்லாம் பெரும்பாலும் 1000க்கும் 3000க்கும் இடைப்பட்ட பகுதியில் நிகழ்கின்றன. ஊர்ப் பேச்சில் நாம் "வாளப்பளம்" என்றுதான் சொல்கிறோம் என்று தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் கடிந்துகொள்வது வேறு செய்தி. சரியாகச் சொல்பவர் சொன்னதையாவது சரியாகக் கேட்க வேண்டும் அல்லவா?

ஆங்கிலப் பாடத்தில் மெய்யொலிகளின் வேலை இன்னும் கூடுதல். 'ஸைன்' என்றாரா 'ஃபைன்' என்றாரா என்பதைத் தீர்மானிக்கும் சீற்றொலி 4000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் வலுவாக இருக்கிறது. பழைய தொலைபேசியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல நேர்ந்தது இதனால்தான். இன்றைய வோல்ட்டி அழைப்புகள் 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்துவதால் குரல் தெளிவாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டிய செய்தியில் பெரும்பகுதி, ஆக, 300 முதல் 7000 வரை. அதிலும் 1000 முதல் 4000 வரை உயிர்நிலை. நெஞ்சில் இடிக்கும் பேஸ் 60 முதல் 200 வரை. அது வேறிடத்தில் இருக்கிறது, இதற்கு என்ன கெடுதல் என்று கேட்கலாம். கெடுதல் உண்டு. தாழ்ந்த அதிர்வெண் ஒலி உரத்து ஒலிக்கும்போது, தன்னைவிட உயர்ந்த அதிர்வெண் கொண்ட மெல்லிய ஒலிகளை அது மறைத்துவிடும். உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வளவாக மறைப்பதில்லை. இதனை 1924இலேயே வெகல், லேன் என்னும் இருவர் அளந்து காட்டினர். தண்டோரா அடிக்கையில் பக்கத்தில் நிற்பவர் உதடு அசைவது தெரியும், சொல் விளங்காது. பேஸ் மிகுந்த இயர்போனில் ஆசிரியருக்கும் அதே கதிதான். அவர் குரலின் கார்வை வீங்கி, மெய்யொலிகள் அதனடியில் புதைந்துபோகும்.

புதைந்ததை மீட்க நாம் என்ன செய்கிறோம்? ஒலியைக் கூட்டுகிறோம். கூட்டும்போது நடுப்பகுதி மட்டும் உயர்வதில்லை, எல்லாம் உயர்கிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவுப்படி 80 டெசிபலில் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரந்தான். சொல் விளங்குவதற்காக 10 டெசிபல் கூட்டுகிறவர் தமக்குள்ள நேரத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொள்கிறார். உட்செவியின் மயிரணுக்கள் ஒரு முறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

பேருந்து இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்திற்கு 1500 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். நொடிக்கு 25 சுற்று. நான்கு வீச்சு எஞ்சினில் சுற்றுக்கு மூன்று வெடிப்பு. ஆக 75 ஹெர்ட்ஸ். காச்சிராயபாளையம் பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்து பாட்டுக் கேட்பவருக்கு எஞ்சின் பாட்டின் பேஸை விழுங்கிவிடுகிறது. அவர் ஒலியைக் கூட்டுகிறார், அல்லது பேஸ் மிகுந்த இயர்போனைத் தேடுகிறார். அதே இயர்போன் இரவில் அமைதியான வீட்டில் குடம்போல முழங்கும். இதற்கு மருந்து கூடுதல் பேஸ் அல்ல. காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை. பெட்டியில் சிறிது, நடு, பெரிது என்று மூன்று அளவு ரப்பர் இருக்கும். நம்மில் பலர் முதலில் மாட்டியிருப்பதை அப்படியே விட்டுவிடுகிறோம். ரப்பர் தளர்வாக இருந்தால் தாழ்ந்த ஒலிகள் இடுக்கு வழியே வெளியேறி, நல்ல இயர்போனும் தகரம்போல் ஒலிக்கும். இரு காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவதும் உண்டு.

விலையும் தரமும்

இனி நமக்கு மிகவும் வேண்டிய செய்தி. ஜெரோன் ப்ரீபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் துலங்கலை அளந்து, அவற்றின் சில்லறை விலையோடு ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டார். துலங்கலுக்கும் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பது அவர் முடிவு. விலை உயர உயர உலோகம், தோல், உறுதி, கம்பியின்மை, இரைச்சல் நீக்கம், பெயர் ஆகியவை கூடலாம். வளைகோட்டின் உருவம் விலைக்கேற்பச் செம்மையாவதில்லை. கரும்பு வெட்டும் கூலியிலிருந்து பணம் எடுத்துத் தரும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்க முடியும்? ஐந்நூறு ரூபாய்க்குள் நல்ல கோடு இருக்கக்கூடும். மூவாயிரம் ரூபாயில் மோசமான கோடும் இருக்கக்கூடும். தேடிப் பார்க்கத்தான் வேண்டும்.

தேடுவதற்குச் சிறந்த கருவிகள் நம் இசையிலேயே உள்ளன. திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமன் ஒளிச்சிதறலுக்கு முன்பே ஒலியில் ஆழ்ந்தவர். சாதாரணத் தோற்கருவியின் மேற்சுரங்கள் அடிப்படைக்கு முழு எண் மடங்காக அமைவதில்லை. அதனால் அதில் சுருதி நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே அப்பிய கருஞ்சோறு அந்த மேற்சுரங்களைத் திருத்தி, அடிப்படையோடு சேர்த்து முதல் ஐந்தையும் முழு எண் மடங்குகளாக்குகிறது என்பதை இராமனும் சிவகாளி குமாரும் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். 1934இல் இராமன் இதனை மேலும் விரித்தெழுதினார். தம்புராவையும் அவர் விடவில்லை. குதிரையின் வளைந்த பரப்பும், அதன்மேல் தந்திக்கடியில் வைக்கும் நூலும் சேர்ந்து, விதிப்படி எழக்கூடாத மேற்சுரங்களையும் எழுப்புகின்றன என்று காட்டினார். அந்தக் கருவிகள் இன்று நமக்குச் சோதனைச் சாலை.

ஒரு கச்சேரிப் பதிவைக் கைபேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். தம்புராவின் மந்தர சட்ஜம், ஒரு கட்டைச் சுருதியில், 65 ஹெர்ட்ஸ். அதன் மினுமினுப்பு பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை எழும். நல்ல இயர்போனில் தம்புரா பாடகருக்குப் பின்னால் ஒரே சீராக ரீங்கரிக்கும். நடுவில் பள்ளமுள்ளதில் 'உம்' என்ற கார்வை மட்டும் மிஞ்சும். மேல்பகுதி வீங்கியதில் கொசுவைப்போல் ஒலிக்கும். மிருதங்கத்தில் வலந்தலையின் 'நம்', 'தின்' இரண்டும் வேறு வேறாகக் கேட்கின்றனவா, இடந்தலையின் கும்கி அவற்றை மூடாமல் அடங்கி நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்து, உங்களுக்குப் பழக்கமான ஆசிரியர் ஒருவரின் பாடப் பதிவு. அவர் நேரில் எப்படிப் பேசுவார் என்பது நமக்குத் தெரியும். அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. இளையராஜா பாடல் ஒன்றும் இருக்கட்டும். பேஸ் கிட்டார் தன் வழியில் தனியே நடப்பதைப் பின்தொடர முடிந்தால் தாழ்பகுதி சரியாக இருக்கிறது. எல்லாச் சுரங்களும் ஒரே 'தும்' ஆகக் கேட்டால், ஏதோ ஓர் அதிர்வெண்ணில் மேடு இருக்கிறது என்று பொருள்.

கடைக்காரர் மாட்டிப் பார்க்க விடுவாரா? காதுக்குள் செருகும் வகையைப் பெரும்பாலும் விடுவதில்லை. அதில் நியாயமும் உண்டு. "அண்ணே, சாம்பிள் இருந்தா குடுங்க, கேட்டுட்டுத் தரேன்" என்றால் சிலர் தருகிறார்கள். இல்லாவிட்டால் நண்பர்களிடம் உள்ளவற்றை முதலில் கேட்டுப் பார்த்துவிட்டு, அந்த மாதிரியையே பெயர் சொல்லி வாங்குவது நலம். இரண்டை ஒப்பிடும்போது ஒரு கட்டுப்பாடு மிக முக்கியம். பேச்சுப் பதிவை வைத்து இரண்டின் உரப்பையும் முதலில் சமமாக்கிக்கொள்ள வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் இனிமையாகத் தோன்றும். பிளெட்சரும் மன்சனும் 1933இல் காட்டியபடி, மெதுவாகக் கேட்கும்போது தாழ்ந்த ஒலிகளைக் காது குறைவாகவே உணர்கிறது. உரப்பு மாறினால் கோடே மாறியதுபோல் மயங்குவோம்.

கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒலியியற்றிச் செயலிகளும் உதவும். உரப்பைக் குறைவாக வைத்து, 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே செல்ல வேண்டும். தொடக்கத்தில் ஒன்றும் கேட்காது. அது காதின் இயல்பு. பிறகு ஏறும் வழியில் எங்கேனும் ஒலி திடீரென்று பாய்ந்து உரத்தால், அல்லது குழியில் விழுந்ததுபோல் மறைந்தால், அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே எண்ணில் இன்னொரு இயர்போனும் அப்படியே செய்தால் அது உங்கள் காதின் குணமாக இருக்கலாம். ஒன்று மட்டும் செய்தால் அது அந்த இயர்போனின் குணம்.

அளந்து வெளியிட்ட வளைகோடுகள் இன்று பல மாதிரிகளுக்குக் கிடைக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது முதலில் செங்குத்து அச்சைப் பாருங்கள். ஒரு கட்டத்திற்கு 20 டெசிபல் என்று அளவு வைத்தால் கல்வராயன் மலையும் சமவெளியாகத் தெரியும். 8000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள கூர்மையான மேடு பள்ளங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டா. அவை இயர்போனைச் செருகும் ஆழத்தைப் பொறுத்து இடம் மாறுபவை. சவ்வின் விட்டம் 40 மி.மீ., 50 மி.மீ. என்ற பெருமைகளையும் விட்டுவிடலாம். மின்மறுப்பு 16 ஓம், 32 ஓம் என்பவை கைபேசிக்கு ஏற்றவையே.

ஏற்கெனவே வாங்கியாயிற்று, பேஸ் மிகுதியாக இருக்கிறது என்போர் வருந்த வேண்டியதில்லை. பெரும்பாலான கைபேசிகளில் ஈக்குவலைசர் உண்டு. அதில் 60 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை உள்ள பட்டைகளை 4 முதல் 6 டெசிபல் வரை இறக்கிப் பாருங்கள். 3000ஐ ஏற்றுவதைவிட 100ஐ இறக்குவதே மேல்; ஏற்றினால் சைகை எல்லை மீறிக் கரகரக்கும். முதலில் ஒலி மெலிந்ததாகத் தோன்றும். பத்து நிமிடம் அப்படியே பாடம் கேட்டுவிட்டுப் பழைய நிலைக்கு மாற்றினால் எது சொல்லை விளக்குகிறது என்று தெரியும். என் தங்கை இப்போது அதை மாற்ற விடுவதில்லை.

ஆய்வகத்தில் அளக்க முடியுமா?

முடியும் என்றே நினைக்கிறேன். செவிக்கருவிகளை அளக்கும் பழைய நிலையான முறையில், காதுக்குப் பதிலாக 2 கன செ.மீ. கொள்ளளவுள்ள ஒரு சிறு அறையைப் பயன்படுத்தினர். 2 மில்லி சிரிஞ்சு நமக்கு மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன் ஊசி முனையை அறுத்துவிட்டு, அங்கே ஒரு சிறு கண்டன்சர் மைக்கைப் பொருத்தி, மறு முனையில் இயர்போனைச் செருகி, இடுக்குகளை மெழுகுக் களிமண்ணால் அடைத்துவிட்டால் ஒரு பொய்க்காது ஆயிற்று. அலையியற்றி இயர்போனுக்கு, மைக் அலைநோக்கிக்கு. பிறகு நடப்பது ஆர்.சி. பெருக்கிச் சோதனையேதான்: அதே அட்டவணை, அதே அரைமடக்கைத் தாள். மைக்கின் துலங்கலும் கோட்டில் கலந்து வரும். சிரிஞ்சின் சுவர் செவிக்குழலின் தோலைப்போல் ஒலியை உட்கொள்ளாது. ஆகவே கிடைக்கும் எண்களை உலக அளவுகளோடு ஒப்பிட இயலாது. ஒரே பொய்க்காதில் பத்து இயர்போன்களை அளந்து ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும்.

மூன்றாம் ஆண்டுத் திட்டப் பணிக்கு இதனையே எடுத்துக்கொள்ள நாங்கள் மூவர் துறைத்தலைவரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். பழைய இயர்போன் வைத்திருக்கும் நண்பர்கள், ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தாலும் போதும், அதன் விலையை ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சுற்றி இயற்பியல் ஆய்வகத்தில் கொடுத்துதவக் கோருகிறேன்.